சொல்லப்படாத வலியை அறிதல்

அறிவுத்திறன் குறைபாடு உடையவரைப் பராமரிப்போர் முதலில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவரது நடத்தையில் திடீரென மாற்றம் தோன்றினால், உடல்நோயை முதலில் ஐயுற வேண்டும். "இவன் எப்போதும் இப்படித்தான்" என்னும் சொல்லை நாம் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். அச்சொல்லினால் இழக்கப்படும் நாட்கள் பல. நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார் எனில், காதில் சீழ், சொத்தைப்பல், சிறுநீர்த்தொற்று ஆகியவை உளவா எனப் பார்த்த பின்னரே பிற காரணங்களை ஆராய்தல் முறை.

இவற்றுள் பெரிதும் புறக்கணிக்கப்படுவது மலச்சிக்கல். நடமாட்டக் குறைவு, போதிய நீர் அருந்தாமை, மனநோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகிய யாவும் இதற்குக் காரணமாகும். பேச இயலாதவர் வயிறு கனப்பதைச் சொல்லமாட்டார். உணவைத் தள்ளுவார், பராமரிப்பவரைக் கடிப்பார். நாளடைவில் குடல் அடைபட்டு உயிருக்கே இடர் நேரலாம். ஆதலால் மலம் கழித்த நாளை நாட்காட்டியில் குறித்து வருதல் நன்று. வயிறு உப்பி, வாந்தியும் இருப்பின் மறுநாள்வரை காத்திருத்தல் கூடாது.

வலியைக் காட்டும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் முனகுவார், மற்றொருவர் வழக்கத்துக்கு மாறாக மௌனமாகிவிடுவார், சிலர் சிரிப்பதும் உண்டு. அதனை அறிந்தவர் பெரும்பாலும் தாயும் உடன்பிறந்தாருமே. அவ்வறிவு ஒரு குறிப்பேட்டில் எழுதப்படாவிடில், புதிதாகப் பணிக்கு வரும் பராமரிப்பாளருக்கு அது கிட்டாது. தாய்க்குப் பின் எவருக்குமே கிட்டாது.

டவுன் நோய்க்குறி உடையோருக்குத் தைராய்டு குறைபாடு மிகுதி. சோம்பலும் உடற்பருமனும் அவர்தம் இயல்பு என விட்டுவிடாது, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும். நாற்பது வயதுக்குப் பின் மறதி நோய் அவர்களுக்கு முன்கூட்டியே வரக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் கேள்வித்திறனும் பார்வையும் சோதிக்கப்படுமுன் அம்முடிவுக்கு வருதல் தவறு.

உணவூட்டுகையில் நிமிர்ந்து அமரச் செய்க. படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுள் இறங்கி நுரையீரல் அழற்சி உண்டாகும். விழுங்கச் சிரமப்படுவோருக்கு இரசஞ்சோறு ஏற்றதன்று. நீர் முன்னே ஓட, பருக்கை பின்தங்கும். குழைய வெந்த பருப்புச்சோறு மேல். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைக் கடந்தால் மருத்துவமனைக்கு விரைக. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. வாயில் எதனையும் திணித்தலும் ஆகாது.

நாற்பது வயதினரையும் "பாப்பா" என அழைக்கும் வழக்கம் அன்பினால் வந்ததே எனினும், எமக்கு உடன்பாடன்று. குளிப்பாட்டும்போது அவருக்குரிய மறைவை மறக்கச் செய்வது பெரும்பாலும் அவ்வழைப்பே.

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்று. பிள்ளை 18 வயதைக் கடந்தபின் அவர்கள் தாமாகவே சட்டக் காப்பாளராக நீடிப்பதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்தல் வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கப்படும் நாளில் அவ்வாணையைத் தேடத் தொடங்கினால் காலம் போதாது.