கைவண்ண வாழ்த்து மடல்

தீபாவளியும் பொங்கலும் நெருங்கும் வேளையில், தொலைவில் வாழும் உற்றார் உறவினரை நாம் நினைவுகூர்கிறோம். குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் ஒன்றாய் வளர்ந்தோர் பலர் இன்று ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் பிரிந்து வாழ்கின்றனர். கைப்பேசிச் செய்தி மறைந்துவிடும். கையால் செய்த மடலோ பெட்டியில் பல்லாண்டு தங்கும்.

1843ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி கோல் என்பார் கிறிஸ்துமஸ் வாழ்த்து மடலை அச்சிட்டு விற்றார். விலை ஒரு ஷில்லிங்; அன்றைய ஏழைக்கு அது எட்டாத தொகை. நமக்கோ பழைய நாள்காட்டி, திருமண அழைப்பிதழ், சேலைக்கரைத் துண்டு ஆகியவையே போதும்.

முதலில் தடித்த தாளை இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்க்கவேண்டும். எளிதில் வளையும் திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. ஏ4 தாள் ஒன்றில் இரு மடல்கள் கிடைக்கும். மைதா மாவைக் காய்ச்சிய பசையை மெல்லியதாகத் தடவிப் படங்களை ஒட்டி, கனமான புத்தகத்தின்கீழ் ஓரிரவு வைத்தால் சுருக்கம் விழாது.

நம் ரப்பர் மரத்தின் இலையும் அழகு சேர்க்கும். முற்றிய இலைகளைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் சதை கழன்று நரம்புவலை மட்டும் எஞ்சும். அதனை உலர்த்தி ஒட்டலாம். ஏடிஸ் கொசு முட்டையிடாதவாறு பாத்திரத்தை இறுக மூடிவைத்தல் மிக அவசியம்.

இறுதியாக, உள்ளே நான்கு வரிகளை நம் பிள்ளைகளே தமிழில் எழுதட்டும். மடலைப் பெறுவோர் முதலில் தேடுவது அந்தக் கையெழுத்தையே ஆகும்.