கோராப் பட்டும் சாம்பிராணிப் புகையும்

கேள்வி: கோராப் பட்டு பிரித்து அவிக்கும் என் தமையனாருக்கு ஓயாத இருமல். மஞ்சள் பால் நுரையீரல் அழற்சியைத் தணிக்குமா?
— ஒரு வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: கோராப் பட்டின்மேல் பசையாய்ப் படிந்திருப்பதும், சவுக்காரமும் சோடாவும் சேர்ந்த கொதிநீரில் கரைந்துபோவதுமான செரிசின் என்னும் புரதம், தூசியாய் மூச்சோடு உள்ளே சென்றால், சிலருடைய சரீரம் அதனைப் பகையாகப் பாவித்து ஆஸ்துமாவை விளைவிக்கும் என்பது வைத்திய சாஸ்திரம் அறிந்த சங்கதி. அதோடு, தறியிருக்கும் அறையிலேயே சாம்பிராணியும் கற்பூரமும் புகைந்தால், அந்தப் புகையின் நுண்துகள்கள் மூச்சுக்குழாயின் உயிரணுக்களை உறுத்த, அவை இன்டர்லூக்கின்-8 என்னும் ரசாயனத் தூதை விடுத்து வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. வந்தவை செய்யும் அமளியே அழற்சி.

மஞ்சளிலுள்ள குர்குமின், 1972-இல் ஒரு நோயாளியின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு ஆய்வுக்கூடங்களில் இன்றளவும் வளர்க்கப்படும் ஏ549 உயிரணுக்களில் இத்தகைய தூதுகளை அடக்குவது மெய்யே. ஆனால் கண்ணாடித் தட்டில் நேரே ஊற்றுவது வேறு, குடல் சொற்பமே கிரகிக்கும் வஸ்துவைப் பாலில் கலந்து பருகுவது வேறு. மஞ்சளைப்போலவே இருமலுக்குக் கைகொள்ளப்படும் ஆடாதோடை என்னும் மூலிகைக்கு நம்மவர் கொடுத்த மதிப்பு வீணன்று. அதன் வாசிசினை ஆதாரமாகக் கொண்டே பிரம்ஹெக்சின் என்னும் மருந்து பிறந்தது. எனினும் அம்மருந்து சளியை இளக்குவதேயன்றி ஆஸ்துமாவின் அழற்சியை அடக்குவதன்று. அதனை அடக்க, மருத்துவர் தரும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுதான் நம்பத்தக்கது (அந்தப் பெயரைக் கேட்டே அஞ்சுவோர் பலர், அனாவசியம்). வேலையில்லா நாட்களில் இருமல் தணிகிறதா என்று கவனித்து, அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.