காதுக்குள் போகும் உலோகம் எது?

பெண் குழந்தை பிறந்தால் சில மாதங்களிலேயே காது குத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். எந்த நாள் வைப்பது, யார் மடியில் உட்கார வைப்பது, யார் யாரை அழைப்பது என்று எல்லாவற்றையும் கூடிப் பேசுகிறோம். தோடு பூ மாதிரியா, பொட்டு மாதிரியா என்றுகூட ஆலோசிக்கிறோம். காதின் துளைக்குள் போய் இரவும் பகலும் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கப்போகும் தண்டு எந்த உலோகம் என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைப் பற்றியதே இந்த மாதப் பாடம்.

"எனக்குக் கவரிங் சேராது, போட்டால் காது நீர் கோத்துக்கொள்ளும்" என்று சொல்லும் சகோதரிகள் நம்மிடையே பலர். அதைத் தம் உடம்பு வாகு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். விசேஷ நாட்களில் போட்டுக்கொண்டு, பிறகு ஒரு வாரம் அவதிப்படுகிறார்கள். இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே உலோகம். அதன் பெயர் நிக்கல்.

நிக்கல் என்ன செய்கிறது?

நிக்கல் விலை மலிவு. வெள்ளைப் பளபளப்புத் தரும், துரு ஏறாமல் காக்கும். அதனால் ஃபேன்ஸி நகைகள், ஊக்குகள், பெல்ட் கொக்கிகள், ஜீன்ஸ் பொத்தான்கள் என எங்கும் அது இருக்கிறது. வியர்வையில் உள்ள உப்பு இந்த உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்தது தோலுக்குள் இறங்கி, அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடலின் காவல் அணுக்கள் அதை அந்நியப் பொருளாக எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை நிக்கல் பட்டதும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பு, சிவப்பு, கொப்புளம், நீர்வடிதல் என்று எதிர்ப்பைக் காட்டும்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இந்த ஒவ்வாமை பிறவியிலேயே வருவதில்லை. நிக்கல் பட்டுப் பட்டு உண்டாவது. இரண்டாவது, ஒரு முறை உண்டானால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். களிம்பு புண்ணை ஆற்றும். உடம்பின் அந்த நினைவை அழிக்காது.

மற்ற இடங்களில் தோலின் மேல்படலம் ஓரளவு தடுப்பாக நிற்கிறது. புதிதாகக் குத்திய காதில் அந்தத் தடுப்பு இல்லை. பச்சைப் புண்ணுக்குள்ளேயே உலோகம் கிடக்கிறது. காது மடலின் மென்மையான பகுதி ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் நிக்கல் தண்டு கிடந்தால், குழந்தைக்கு ஆயுள் முழுவதும் தொடரும் ஒரு தொல்லைக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும்.

இது காதோடு நிற்பதும் இல்லை. வளர்ந்த பிறகு திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, வீட்டுத் தையல் மெஷினிலோ அந்தப் பெண் வேலை செய்யலாம். நிக்கல் பூச்சுள்ள கத்தரியும் ஊக்கும் நாள் முழுக்கக் கையில் பட்டால், ஒவ்வாமை உள்ளவருக்குக் கையிலும் கரப்பான் வர வாய்ப்பு உண்டு. பிழைப்புக்கான கையும் காதுக்குப் போட்ட தோடும் இப்படித் தொடர்புடையவை.

ஐரோப்பாவில் இதைச் சட்டத்தாலேயே கட்டுப்படுத்தினார்கள். டென்மார்க் 1990இலும், ஐரோப்பிய ஒன்றியம் 1994இலும் நகைகளிலிருந்து கசியும் நிக்கலுக்கு வரம்பு கொண்டுவந்தன. உடலில் குத்திய துளைக்குள் போகும் தண்டுக்கு அங்கே இப்போதுள்ள வரம்பு, ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராம். சட்டம் வந்த பிறகு காது குத்திய இளம்பெண்களிடையே நிக்கல் ஒவ்வாமை குறைந்ததை டென்மார்க் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இதைத் தவிர்க்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

கிருமிப் புண்ணா, ஒவ்வாமையா?

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒவ்வாமையில் அரிப்பே முதலில் நிற்கும். பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். தோடு தொடும் இடம் மட்டும் சிவந்து, நீர் கோத்து, பிறகு செதில் உதிரும். நகையைக் கழற்றினால் சில நாளில் அடங்கும். கிருமித் தொற்றில் வலியும் சூடும் வீக்கமும் முன்னே நிற்கும். மஞ்சளாகச் சீழ் வரும், சில வேளை காய்ச்சலும் வரும். காதின் மேல்பகுதியிலுள்ள குருத்தெலும்பில் குத்திய இடம் வீங்கி வலித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அது முற்றினால் காதின் வடிவமே கெட்டுவிடும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. முன்பக்கம் நன்றாக இருந்து மடலின் பின்பக்கம் மட்டும் புண்ணானால் திருகாணியைப் பாருங்கள். தங்கத் தோட்டின் திருகாணி தொலைந்து, அவசரத்துக்கு ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய திருகாணியைப் போட்டிருப்போம். தோடு தங்கம், திருகாணி வேறு உலோகம். காதுக்கு அது தெரியும்.

தாடைக்குக் கீழும் கழுத்திலும் ஒரே இடத்தில் தடிப்பு வந்தால், ஹிஜாபுக்குக் குத்தும் பின்னையும் சந்தேகிக்கலாம். பின்னின் உலோகம் தோலில் படாதபடி துணி மடிப்பின் வெளிப்பக்கம் குத்துவதோ, பிளாஸ்டிக் அல்லது காந்தப் பின்னைத் துணியின் மேலேயே நிறுத்துவதோ நல்லது.

கடையில் கேட்கும் பெயர்கள்

ஒப்பணக்கார வீதியிலும் பெரிய கடை வீதியிலும் நம் பெண்கள் கேட்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கவரிங், ஒரு கிராம் தங்கம்: உள்ளே செம்போ பித்தளையோ இருக்கும், மேலே மெல்லிய தங்கப் பூச்சு. செம்பின் நிறம் மேலே ஏறாமலிருக்க, இரண்டுக்கும் நடுவில் நிக்கல் பூச்சு கொடுப்பது பல பட்டறைகளில் வழக்கம். தங்கப் பூச்சு தேயும் வரை ஒன்றும் தெரியாது. தேய்ந்த பிறகு நிக்கல் தோலைத் தொடும். "வாங்கினப்ப நல்லாத்தான் இருந்துச்சு, மூணு மாசத்துல அரிக்குது" என்று சொல்வதன் காரணம் இதுதான்.

ஜெர்மன் சில்வர்: பெயரில் மட்டுமே வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை இது. கறுப்பேற்றிய ஜிமிக்கிகள் பலவும் இதில் வருகின்றன. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர் முதலில் ஒதுக்க வேண்டியது இதைத்தான்.

வெள்ளி: 92.5 என்பது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. ஆறிய காதுக்குப் பலருக்கு ஒத்துக்கொள்ளும். வெள்ளி கறுக்கும் என்பதால் புதிதாகக் குத்திய காதுக்கு வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சர்ஜிக்கல் ஸ்டீல்: மருத்துவப் பெயர் இருப்பதால் நிக்கல் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. 316 எல் என்ற வகையில் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. அது இறுகக் கட்டுண்டு இருப்பதால் மிகக் குறைவாகவே கசியும். அதனால் பலருக்குத் தொல்லை தராது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் இதை நம்பி இறங்க வேண்டாம்.

வெள்ளைத் தங்கம்: தங்கத்தை வெள்ளையாக்க நிக்கலோ பலேடியமோ சேர்ப்பார்கள். மேலே ரோடியம் பூச்சு இருக்கும். அது நாளடைவில் தேயும். எது சேர்த்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

22 காரட் மஞ்சள் தங்கம்: நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். மீதி 8.4 பங்கு பெரும்பாலும் வெள்ளியும் செம்பும். நமக்கு எளிதில் கிடைப்பவற்றில் காதுக்கு நம்பகமானது இதுவே. தங்கமே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு; ஆனால் நிக்கலோடு ஒப்பிட்டால் அவர்கள் குறைவு.

டைட்டானியம், நியோபியம்: எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடும், பல்லுக்குப் பதிக்கும் இம்பிளாண்டும் டைட்டானியத்தில் செய்கிறார்கள். உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்ளும் உலோகம் அது. தங்கத்தைவிட விலையும் குறைவு. "டைட்டானியம் கோட்டிங்" என்றால் மேல்பூச்சு மட்டுமே. உள்ளே என்ன உலோகம் என்று கேட்க வேண்டும்.

ஹால்மார்க் எதைச் சொல்கிறது?

ஹால்மார்க் என்பது தங்கத்தின் அளவைச் சொல்லும் முத்திரை. 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14 காரட். 2021 ஜூன் 16 முதல் கோவை உட்படப் பல மாவட்டங்களில் இது படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நகையின் விவரம் வரும்.

இந்த முத்திரையைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மீதியுள்ள உலோகம் எது என்பதை முத்திரை சொல்லாது. 750 என்ற முத்திரை மஞ்சள் தங்கத்திலும் இருக்கும், நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்திலும் இருக்கும். அடுத்து, 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. குழந்தைக்கு வாங்கும் சின்னத் தோடு இந்த எடைக்குள்தான் வருகிறது. எந்தக் காதுக்கு அதிகக் கவனம் தேவையோ, அந்தக் காதின் நகைக்கே முத்திரை விலக்கு.

ஆகவே சின்னத் தோடு வாங்கும்போது காரட்டும் எடையும் எழுதிய பில் கேளுங்கள். பல நகைக்கடைகளில் காரட் மீட்டர் என்ற கருவி இருக்கிறது. எக்ஸ் கதிர் மூலம் நகையில் என்னென்ன உலோகம் எத்தனை பங்கு என்று சில நிமிடங்களில் காட்டிவிடும். நிக்கல் இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தண்டையும் திருகாணியையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். "கே.டி.எம். நகை, பயப்படாதீங்க" என்று சொன்னால் அது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. கே.டி.எம். என்பது காட்மியம் சேர்த்த பொடியைப் பற்றிய பேச்சு. காட்மியப் புகை பொற்கொல்லரின் உடம்புக்கே கேடு.

வசதி குறைவானவர்களுக்கு

தங்கம் விற்கும் விலையில் இதெல்லாம் நமக்கு ஆகுமா என்று கேட்பது நியாயம். ஒரு பவுன் என்பது 8 கிராம். குழந்தைக்குச் சின்னப் பொட்டுத் தோடு ஒரு ஜோடி ஏறத்தாழ ஒரு கிராமில் செய்யலாம். ராஜ வீதியிலும் செல்வபுரத்திலும் பொற்பட்டறைகள் நிறைந்த ஊர் நம்முடையது. வீட்டில் உடைந்து கிடக்கும் பழைய தங்கத் துண்டைக் கொடுத்தே செய்து வாங்கிவிடலாம். முதல் தோட்டை மட்டுமாவது இப்படிச் செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால், காது குத்துவதைத் தள்ளிப்போடுவதில் ஒரு குறையும் இல்லை.

வளர்ந்த பெண்களுக்கு ஒரு யோசனை: துளைக்குள் போகும் தோடு தங்கமாக இருக்கட்டும், அதில் மாட்டித் தொங்கவிடும் ஜிமிக்கி எதுவாகவும் இருக்கட்டும். திருமணம், பெருநாளுக்குக் கவரிங் போட்டால் வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள். அதோடு தூங்க வேண்டாம். தண்டில் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசுவது ஓரிரு முறை உதவும், அதுவும் உரிந்துவிடும்.

உளூவில் காதைத் தடவும்போதும் குளிக்கும்போதும் தோட்டின் பின்னால் ஈரம் தங்கும். ஹிஜாபின் உள்ளே வியர்வையும் சேரும். ஈரத்தில்தான் உலோகம் கரைகிறது. ஒரு பருத்தித் துணியால் மடலின் முன்னும் பின்னும் ஒற்றி எடுக்கும் பழக்கத்தைப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஏற்கெனவே புண் உள்ளவர்கள்

முதல் வேலை நகையைக் கழற்றுவது. நகையை விட்டுவிட்டு மேலே மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டிருந்தால் ஆறாது. மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசுவதும் கூடாது. துளை மூடிவிடும் என்று வேப்பங்குச்சியோ ஈர்க்குச்சியோ செருகுவது நம் பக்கத்துப் பழக்கம். சுத்தமில்லாத குச்சி தொற்றைக் கொண்டுவரும். மருத்துவரைக் கேட்டு, உலோகமில்லாத பிளாஸ்டிக் தண்டு போட்டுக்கொள்ளலாம்.

திரும்பத் திரும்ப வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பேட்ச் டெஸ்ட் என்ற சோதனையில் முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊகமில்லாமல் தெரிந்துவிடும். நிக்கல் என்று தெரிந்தால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல்லுக்குக் கம்பி கட்டும் முன்பும், எலும்புக்குத் தகடு வைக்கும் முன்பும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

உதவி செய்வோருக்கு ஒரு வேண்டுகோள்

ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு நகை வாங்கித் தரும் நல்ல உள்ளங்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். பார்வைக்குப் பெரிதாக ஒரு கவரிங் செட் கொடுப்பதைவிட, தினமும் போட்டுக்கொள்ளக்கூடிய சின்னத் தங்கத் தோடு ஒரு ஜோடி கொடுப்பது மேல். செட் ஒரு நாள் மேடைக்கு ஆகும். தோடு அந்தப் பெண்ணின் காதில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், அவசரத்துக்கு அடகு வைக்கவும் உதவும். உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். குழந்தையின் உடம்பு இன்னும் கூடுதலான அமானிதம். வலித்தாலும் அரித்தாலும் காரணம் சொல்ல அதற்குத் தெரியாது. அதன் சார்பில் கடைக்காரரிடம் "தண்டு என்ன உலோகம்?" என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.