கழிவுச் சேற்று எருவும் மான் இறைச்சியில் சேரும் நஞ்சும்

காட்டில் தன்னிச்சையாய் மேய்ந்து வளரும் மானின் இறைச்சி எவ்விதக் கலப்புமற்றது என்னும் எண்ணம் மேனாட்டாரிடையே வெகுகாலமாக இருந்து வருகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள மேய்ன் ராஜ்யத்தில் இவ்வெண்ணம் 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பொய்த்தது. பேர்பீல்டு என்னும் ஊரைச் சுற்றிய பிரதேசத்தில் வேட்டையாடப்பெற்ற மானையும் வான்கோழியையும் உண்ணலாகாதென்று அந்த ராஜ்யத்து வனவிலங்கு இலாகா எச்சரிக்கை விடுத்தது. அங்குப் பரீக்ஷிக்கப்பட்ட 8 மான்களுள் 5 மான்களின் இறைச்சியை வருஷத்திற்கு இரண்டு மூன்று வேளைக்கு மேல் உண்பது தகாதென்று கண்டனர்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தடுக்கப்பட்டுள்ளது. எனினும் அந்நஞ்சு மானை அடைந்தது வயலின் வழியே யாதலால், நிலமுடையோர் இதனைக் கவனித்தல் அவசியம்.

பி.எப்.ஏ.எஸ். எனப்படும் செயற்கை ரஸாயனங்கள், எண்ணெய் ஒட்டாத காகிதம், கறை பிடியாத துணி, தீயணைக்கும் நுரை முதலியவற்றில் உபயோகிக்கப்பட்டவை. வெயிலாலும் மழையாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாலும் இவை எளிதில் சிதைவதில்லை. மேய்ன் ராஜ்யத்தில் நகரச் சாக்கடைகளிலும் காகித ஆலைகளிலும் தங்கும் கழிவுச் சேறு, சர்க்காரின் அனுமதி பெற்றே, பல பத்தாண்டுகளாக வயல்களில் எருவாக இடப்பட்டு வந்தது. சேற்றிலே தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, விலையோ அற்பம். ஆகவே விவசாயிகள் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. அவர்கள் மீது பழி சொல்வதும் நியாயமன்று. சேற்றோடு வந்த நஞ்சு மண்ணிற் படிந்து, வேரின் வழியே பயிரில் ஏறியது. இலையிலும் தண்டிலும் அது மிகுதியாகவும், தானிய மணியில் மிகக் குறைவாகவும் சேரும். புல்லையும் தழையையும் தின்னும் மாட்டின் பாலும் மானின் தசையும் கெட்டதன் காரணம் இதுவே.

இந்நஞ்சு கொழுப்பிற் சேருவதன்று. இரத்தத்திலும் ஈரலிலுமுள்ள புரதத்தைப் பற்றி நிற்பது. ஆதலின் கொழுப்பை அரிந்து நீக்குவதாலும், வேகவைப்பதாலும், உப்பிட்டு உலர்த்துவதாலும் பயன் இல்லை. ஈரலை அறவே விலக்குவது நன்று. மனித உடலில் இது பல வருஷங்கள் தங்கும். இரத்தக் கொழுப்பு மிகுதல், குழந்தைகளுக்கு இடும் தடுப்பூசியின் பயன் குன்றுதல் ஆகியவை இதனோடு தொடர்புடையனவாக வைத்தியர் கண்டுள்ளனர்.

மான் இறைச்சியில் ஈயம் கலப்பது வேறு வகை. அது வேட்டைக்காரன் குண்டிலிருந்து வருவது. காயத்தைச் சுற்றி அகலமாக அரிந்து எறிந்தால் ஓரளவு குறையும், செப்புக் குண்டை உபயோகித்தால் ஒழியும். வயல் நஞ்சுக்கு அத்தகைய சுலபமான பரிகாரம் கிடையாது.

கறவை மாட்டுக்குச் சுத்தமான தீவனமும் நீரும் அளித்தால் சில மாதங்களில் பாலில் நஞ்சு வெகுவாகக் குறைகிறது. கெட்ட நிலத்தில் புல்லுக்குப் பதிலாகத் தானியச் சோளம் பயிரிட்டுத் தப்பியோரும் உண்டு. மானைத் தொழுவில் கட்டித் தீனியிட ஒருவராலும் ஆகாது. ஆகையால் அதன் விஷயத்தில் எல்லை குறித்து எச்சரிப்பதையன்றி இலாகாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2022-ஆம் ஆண்டில் அந்த ராஜ்யம் கழிவுச் சேற்றை நிலத்தில் இடுவதையே சட்டத்தால் தடுத்து, நஷ்டமடைந்த விவசாயிகளுக்கென 6 கோடி டாலர் ஒதுக்கிற்று.

எந்தெந்த நிலத்தில் சேறு கொட்டப்பட்டது என்பதை அதிகாரிகள் பழைய அனுமதிப் பத்திரங்களைக் கொண்டே தேடினர். 700-க்கு மேற்பட்ட இடங்களில் மண்ணையும் நீரையும் பரீக்ஷிக்க வேண்டியதாயிற்று. நகரக் கழிவையோ ஆலைக் கழிவையோ எருவாக வாங்கும் மிராசுதார், அது எங்கிருந்து வந்தது, எத்தனை வண்டி, எந்த சர்வே நம்பரில், எந்த மாதத்தில் இடப்பட்டது என்பவற்றை எழுதி வைப்பாராக. ஆலைக் கழிவு கலந்ததாயின், பரீக்ஷைச் சான்று காணாமல் தீவனப் பயிருக்கு அதனை இடலாகாது. கிராம அதிகாரிகளும் அக்குறிப்பின் நகல் ஒன்றைக் கணக்குடன் சேர்த்து வைத்தல் நலம்.