நிணநீர்ப் புற்றுநோய் பரம்பரையாக வருமா?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும். தொண்டையில் புண் வந்தால் தாடைக்குக் கீழே கோலிக்குண்டு போல ஒன்று தட்டுப்படும். நீங்கள் எல்லோரும் இதை அனுபவத்தில் அறிந்திருப்பீர்கள். நெறி கட்டுவது என்று நாம் சொல்வது, நிணநீர்க் கணுக்கள் வீங்குவதைத்தான். இந்தக் கணுக்களுக்குள் லிம்போசைட்டுகள் என்னும் ஒருவகை வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. நோய்க்கிருமி நுழைந்ததும் இவை மளமளவென்று பெருகுகின்றன. வேலை முடிந்ததும் பெருகுவதை நிறுத்திக்கொள்கின்றன. வீக்கமும் வடிந்துவிடுகிறது.

மிக அரிதாக, ஒரு லிம்போசைட் இந்தக் கட்டுப்பாட்டை மீறிப் பெருகிக்கொண்டே போகும். அதுவே லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். லண்டன் மருத்துவரான தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதனால் இதில் ஒரு வகைக்கு ஹாட்ஜ்கின் நோய் என்றே பெயர். பெரும்பாலான புற்றுநோய்கள் முதுமையில் வருபவை. ஹாட்ஜ்கின் நோயோ 15 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களையும் தாக்குகிறது.

வீட்டில் அண்ணனுக்கு இந்த நோய் வந்துவிட்டால், தம்பி தங்கைகளின் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "எனக்கும் வருமா?" இதற்கு விஞ்ஞானம் என்ன விடை சொல்கிறது என்று பார்ப்போம்.

இரட்டையர் தந்த சாட்சி

ஒரே குடும்பத்தில் இருவருக்கு ஒரு நோய் வந்தால், உடனே அதற்கு ஜீன்கள்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர்கள் ஒரே தண்ணீரைக் குடித்தவர்கள். ஒரே கிருமிகளைச் சந்தித்தவர்கள். ஜீனின் பங்கையும் சூழ்நிலையின் பங்கையும் எப்படிப் பிரித்து அறிவது?

இதற்கு இரட்டையர்கள் உதவுகிறார்கள். கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒரு கரு இரட்டையர். இவர்களின் ஜீன்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறப்பவர்கள் இரு கரு இரட்டையர். சாதாரண உடன்பிறப்புகளைப் போல இவர்களுக்குச் சராசரியாகப் பாதி ஜீன்களே பொது. ஆனால் இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். சூழ்நிலை மட்டுமே காரணமானால், நோய் இரு வகையிலும் ஒரே அளவில் காணப்பட வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் தாமஸ் மேக் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து, 1995-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரட்டையரில் ஒருவருக்கு இளமையில் ஹாட்ஜ்கின் நோய் வந்த குடும்பங்களை அவர்கள் கவனித்து வந்தார்கள். இரு கரு இரட்டையர் 187 ஜோடிகள். இவற்றில் ஒரு ஜோடியில்கூட மற்றவருக்கு நோய் வரவில்லை. ஒரு கரு இரட்டையர் 179 ஜோடிகள். இவற்றில் 10 ஜோடிகளில் இருவருக்குமே நோய் வந்தது. சாதாரண வாய்ப்பைப்போல இது ஏறத்தாழ 100 மடங்கு! ஆகவே பரம்பரைக்குப் பங்கு உண்டு.

சற்றுப் பொறுங்கள். 179-இல் 10 போனால் மீதி 169. அந்த 169 ஜோடிகளில், அதே ஜீன்களைக் கொண்டிருந்தும் மற்றவருக்கு ஆய்வுக் காலத்தில் நோய் வரவில்லை. ஆகவே பரம்பரை மட்டுமே காரணமும் அன்று. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

வெட்டி ஒட்டும் செல்கள்

லிம்போசைட்டுக்கு ஒரு விசித்திர வழக்கம் உண்டு. எண்ணற்ற வகைக் கிருமிகளை எதிர்க்க எண்ணற்ற வகை எதிர்ப்பொருள்கள் வேண்டும். அதற்காக அது தன் டி.என்.ஏ.-வையே சில இடங்களில் வெட்டி, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்கிறது! சுசுமு டோனகாவா என்னும் ஜப்பானிய விஞ்ஞானி 1976-இல் இதை நிரூபித்தார். 1987-இல் இதற்காக நோபல் பரிசும் பெற்றார்.

தையற்காரர் துணியை வெட்டி இணைக்கும்போது, எப்போதாவது சட்டைத் துண்டோடு வேறொரு துண்டைச் சேர்த்துத் தைத்துவிடலாம். லிம்போசைட்டிலும் அப்படிப் பிழை நேர்வதுண்டு. செல்லைப் பெருகச் செய்யும் ஜீன் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டால், அந்தச் செல் புற்றுநோய்ச் செல்லாக மாற வழி பிறக்கிறது. இத்தகைய பிழை வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் நேர்வது. பெற்றோரிடமிருந்து வந்ததும் அன்று. பிள்ளைகளுக்குப் போவதும் அன்று.

அப்படியானால் பரம்பரையாக வருவது எது?

முதலாவது, பிழை திருத்துவதில் உள்ள குறை. 11-ஆம் குரோமோசோமில் ஏ.டி.எம். என்றொரு ஜீன் இருக்கிறது. டி.என்.ஏ. அறுந்தால் அபாயச் சங்கு ஊதுவது இதன் வேலை. 1995-இல் இது கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியைப் பெற்ற குழந்தைக்கு நடை தள்ளாடும். லிம்போமா வரும் அபாயமும் மிகுதி.

இரண்டாவது, வைரஸை அடக்குவதில் உள்ள குறை. 1964-இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ், உலகில் வயது வந்தோரில் பெரும்பாலோர் உடலில் தங்கியிருக்கிறது. தீங்கு செய்வது அரிது. ஆனால் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன் பழுதான சிறுவர்களால் இதை அடக்க முடிவதில்லை. சிலருக்குக் கடும் நோயும், சிலருக்கு லிம்போமாவும் உண்டாகின்றன. இந்த ஜீன் 1998-இல் அடையாளம் காணப்பட்டது.

இவ்விரண்டும் மிக அரியவை. மூன்றாவது வகையே பரவலானது. 6-ஆம் குரோமோசோமில் எச்.எல்.ஏ. ஜீன்கள் உள்ளன. கிருமியின் துணுக்குகளை லிம்போசைட்டுகளுக்கு எடுத்துக்காட்டும் புரதங்களை இவை உண்டாக்குகின்றன. இரத்த வகையைப் போல இவையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சில வகைகள் ஹாட்ஜ்கின் நோயின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன; சில குறைக்கின்றன.

தம்பிக்கு என்ன விடை?

வட ஐரோப்பிய நாடுகள் ஐந்தின் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஹாட்ஜ்கின் நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சுமார் 3 மடங்கு என்று அது காட்டியது. கேட்கப் பயமாக இருக்கிறதா? வாழ்நாள் முழுவதற்கும் கணக்கிட்டால், அத்தகைய உறவினர் 1000 பேரில் 6 பேருக்கே நோய் வருகிறது. 994 பேருக்கு வருவதில்லை. சிறிய எண்ணை 3-ஆல் பெருக்கினாலும் அது சிறிய எண்தான்.

ஆகவே நோயை ஊராரிடம் மறைக்கவோ, "அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்காதே" என்று ஒதுக்கவோ நியாயம் இல்லை. இது தொட்டால் ஒட்டும் நோயும் அன்று. மருத்துவரிடம் மட்டும் குடும்ப வரலாற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நெறிக்கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கிருமியால் வருபவை. ஆனால் வலியில்லாத வீக்கம் சில வாரங்களாகியும் வடியாவிட்டாலோ, அதோடு காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, உடல் மெலிவு இருந்தாலோ மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. தக்க சிகிச்சை பெற்றால், ஹாட்ஜ்கின் நோய் கண்ட இளைஞர்களில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

சிந்தித்து விடை கூறுங்கள்

1. மேற்கண்ட ஆய்வில் இரு கரு இரட்டையரிலும் 10 ஜோடிகளுக்கு நோய் வந்திருந்தால், என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள்?

2. ஒரு தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் வைரஸை அடக்கும் ஜீன் பழுதாக இருக்கிறது. அவருக்குப் பிறக்கும் மகனுக்கு அந்தப் பழுது வர வாய்ப்பு எவ்வளவு?

விடைகள்: 1. ஜீன்களைவிட, ஒன்றாக வளர்ந்த சூழ்நிலையே முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு. 2. இரண்டில் ஒன்று.