மீன்தொட்டிக்கு ஏற்ற பம்பி

அலங்கார மீன் தொட்டியிலிருந்து வழியும் நீர் கீழே வடிதொட்டியில் விழுந்து, சுத்தமாகி, மீண்டும் மேலே போகவேண்டும். அதை ஏற்றுவதே இப்பம்பியின் வேலை. பெட்டியில் '2000 லீற்றர்' என்றிருந்தால், அது சற்றும் உயர்த்தாமல் ஒரு மணித்தியாலத்தில் தள்ளும் அளவு. கிணற்றில் மிசின் வைத்து இறைத்த நமக்கு இது புதிதல்ல. நீர்மட்டம் இறங்க இறங்க வாய்க்காலில் தண்ணீர் மெலிவதைக் கண்டிருக்கிறோம். ஆயினும் கடையில் அதை மறந்து, பெட்டியை நம்பி நாமும் ஒருமுறை ஏமாந்தோம்.

200 லீற்றர் தொட்டிக்கு மணிக்கு 800 முதல் 1000 லீற்றர் மேலே வந்தால் போதும். பூட்டியபின் குழாய் வாயில் 10 லீற்றர் வாளியைப் பிடியுங்கள். 40 செக்கனில் நிறைந்தால் மணிக்கு 900 லீற்றர்.

யாழ்ப்பாணக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அது சுழலியில் படிந்து பம்பியை இறுக்கிவிடும். ஓர் இரவு நின்றாலே, விற்க வைத்த மீன்கள் காலையில் செத்து மிதக்கக்கூடும். ஆகவே மாதமொருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, சுழலியைக் கழற்றி, வினாகிரியும் நீரும் சமனாகக் கலந்து ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, பழைய பற்தூரிகையால் தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். சவர்க்காரம் வேண்டாம்.

வடிதொட்டி வற்றினால் பம்பி எரியும். மின்வெட்டு வந்தாலோ மேல்நீர் குழாய்வழியே திரும்பி இறங்கும்; அதற்குக் கீழே இடம் விட்டிருக்க வேண்டும். பகலில், பக்கத்தில் நின்று, ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.