திருத்துவதற்கும் பொறுமை வேண்டும்

குடிக்கப் பழகிவிட்ட மகனை வீட்டைவிட்டு விரட்டிவிடலாமா? நம் தருமபுரி மாவட்டத்துப் பெற்றோர் சிலர் கண்ணீருடன் நம்மிடம் கேட்கும் கேள்வி இது.

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937 அக்டோபர் 1-ல் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் அமலாயிற்று. அன்று தருமபுரியும் அதில் அடங்கியிருந்தது. நல்ல சட்டம்தான். ஆயினும் 1971-ல் தமிழகத்தில் மதுக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. சட்டம் கடையைத்தான் மூடும், ஆசையை மூடாது.

திருக்குர்ஆனின் வழியைக் கவனியுங்கள். மதுவில் பயனைவிடப் பாவமே பெரிதென்று முதலில் உணர்த்தியது (2:219). பிறகு, போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்றது (4:43). ஐவேளை தொழுபவருக்குக் குடிக்கும் நேரம் தானே சுருங்கியது. இறுதியில் முற்றாக விலக்கியபோது (5:90), மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியது.

இன்று அச்சட்டம் முழுமை பெற்றுவிட்டது. கொஞ்சம் குடிக்கலாம் என எவரும் ஃபத்வா தர முடியாது. ஆனால் மனிதரைத் திருத்தும் முறை மாறவில்லை. குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள் (புகாரி). குற்றத்தைக் கண்டித்தார்கள், ஆளைக் கைவிடவில்லை.

ஆகவே பெற்றோர்களே, ஜமாஅத் பெரியவர்களே! போதையில் இருப்பவனிடம் வாதாடாதீர்கள். தெளிந்தபின் தனியே பேசுங்கள். பஜ்ருக்கு எழுப்பி, உங்கள் பக்கத்திலேயே நிறுத்தித் தொழ வையுங்கள். நல்ல நண்பர்களைத் தேடிக் கொடுங்கள். நாம் கதவடைத்தால் அவனுக்குத் திறந்திருப்பது மதுக்கடை ஒன்றே.

வல்ல அல்லாஹ் நமக்குப் பொறுமையையும் நம் பிள்ளைகளுக்கு நேர்வழியையும் தந்தருள்வானாக! ஆமீன்.